கருப்பு சைக்கிளை எடைக்குப் போடாதீர்கள்! – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், பழைய சைக்கிள்களில் குழாயும் குழாயும் சேருமிடத்தில் உறை மாதிரி மாட்டியிருக்கும் ‘லக்’ பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் நம் கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்துதான். ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க லக் பற்றித்தான்.

கேள்வி: ஐயா, எங்கள் அப்பா முதுநகரில் வேலை பார்த்த காலத்தில் ஓட்டிய கருப்பு ஹெர்குலிஸ் பின்கட்டில் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். மகனோ ‘இந்த வெயிட்டை யார் மிதிப்பார்கள்’ என்கிறான். இதை வைத்திருப்பதில் உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை வெறும் பாசம்தானா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: எடைக்குப் போடாதீர்கள். பாசம் உங்கள் குடும்ப விஷயம், அதில் நான் தலையிடவில்லை. அந்த வண்டியின் சட்டம், அதாவது ஃபிரேம், செய்யப்பட்ட விதத்துக்காகவே சொல்கிறேன். ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் தலைக்குழாயை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். மேல் பார் வந்து சேரும் இடத்தில் குழாயைச் சுற்றி ஒரு தடித்த உறை தெரியும், அதன் ஓரம் வளைவாகவோ கூராகவோ முடியும். அதுதான் லக். தலைக்குழாயில் மேலும் கீழும் ஒவ்வொன்று, சீட்டுக்கு அடியில் ஒன்று, பெடல் அச்சு ஓடும் கூடு ஒன்று, ஃபோர்க் தலையில் ஒன்று. டபுள் பார் வண்டி என்றால் இன்னும் கூடுதல். குழாயை அளவாக வெட்டி இந்த உறைகளுக்குள் செருகி, இடுக்கில் பித்தளையை உருக்கி ஓடவிட்டுச் சேர்த்திருப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, எஃகு இங்கே உருகவே இல்லை. எஃகு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும், பித்தளைக்கு 900 டிகிரி அளவே போதும், வெள்ளி கலந்த பற்றுக்கு அதைவிடவும் 200 டிகிரி குறைவு. குழாய்க்கும் லக்குக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு இடைவெளி விட்டுச் சூடாக்கினால் உருகிய பித்தளை தானாகவே அந்த இடுக்குக்குள் இழுபட்டு, சுற்றிலும் பரவி, மறுபக்க விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடாகத் தலைகாட்டும். நகை ஆசாரி வெண்காரம் தடவி, பொடி வைத்து ஊதி வளையலைப் பற்றவைக்கிறாரே, வேலை அதே வேலைதான். சூட்டில் இரும்பின் மேல் கருப்புப் படலம் படியாமல் காக்க சைக்கிள் பட்டறையிலும் வெண்காரம்தான் போடுவார்கள். பெரிய தொழிற்சாலைகளில் ஒவ்வொரு மூட்டாக ஊதிக்கொண்டிருக்க நேரம் ஏது, மூட்டை அப்படியே உருகிய பித்தளையில் முக்கி எடுக்கும் முறையும் இருந்தது.

எஃகு உருகாததால் மெல்லிய குழாய் தன் பலத்தை அதிகம் இழப்பதில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்த மூட்டை மறுபடி சூடாக்கினால் பித்தளை இளகும், கெட்டுப்போன குழாயை உருவி எடுத்துவிட்டு வேறு குழாய் செருகி மறுபடி பற்றவைக்கலாம். பிரிப்பதற்கும் வழி வைத்துக் கட்டிய மூட்டு அது. லக் வைத்த சட்டத்தை உலகம் முழுக்க ஆட்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அழகு, பழமை என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் முதல் காரணம் இதுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் வண்டிக்கு ஒரு பூர்வீகமும் உண்டு. 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து சென்னை அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையில்தான் நம் பக்கத்து ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் உருவாயின. வடிவம் அப்படியே ஆங்கிலேய ரோட்ஸ்டர். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், முன்பக்கம் 32 போக்ஸ் கம்பி, பின்பக்கம் 40. முன் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்திருக்கும், அதனால் சக்கரத்துக்குச் சக்கரம் உள்ள தூரம் அதிகம், கேரியரில் சுமை ஏற்றினாலும் ஹேண்டில் அலைபாயாது. பண்ருட்டிப் பலாப்பழமும் தேவனாம்பட்டினத்து மீன்கூடையும் இத்தனை காலம் இந்த வகை வண்டியில் ஊர் ஊராகப் போனது சும்மா இல்லை.

மகன் எடையைப் பற்றிச் சொல்வது சரி. அப்படிப்பட்ட வண்டி 20 கிலோ அளவில் இருக்கும். ஆனால் அது லக்கால் வந்த எடை இல்லை, லக் எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு கிராம்தான். தடித்த சாதா எஃகுக் குழாய், இரும்பு ரிம், செயின் கவர், ஸ்டாண்டு, கேரியர் இவற்றின் எடை. திருப்பாதிரிப்புலியூரில் ஏறி இறங்க மேடே கிடையாதே, ஓவராயிலிங் பண்ணி பால்ஸும் கிரீஸும் மாற்றி காற்றை முழுசாக அடித்து அவனிடமே ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: சார், நான் இன்ஜினீயரிங் படிக்கிறேன். எஃகு லக் சட்டம் ஓட்டினால் ரோட்டின் குலுக்கலே தெரியாது, அலுமினியம் எலும்பை உடைக்கும் என்று சைக்கிள் நண்பர்கள் சொல்கிறார்கள். என் அலுமினிய வண்டியை விற்றுவிட்டுப் பழைய ரேஸ் சைக்கிள் வாங்கலாமா?
– மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: தம்பி, அதற்காக என்றால் விற்காதீர்கள். குலுக்கலை முதலில் வாங்கிக்கொள்வது டயர், அப்புறம் சீட்டு. மெல்லிய டயரில் காற்றை இறுக அடித்துவிட்டுச் சட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கொஞ்சம் அகலமான டயர் போட்டு, காற்றையும் அளவாக வைத்தாலே கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீங்கள் எதிர்பார்க்கிற வித்தியாசத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

நீங்கள் படிக்கிற படிப்புக்கு இன்னொன்றும் சொல்லலாம். ஒரு பொருளின் விறைப்பைக் காட்டும் யங் குணகம் எஃகுக்கு 200 கிகாபாஸ்கல் அளவு, அலுமினியத்துக்கு 70 அளவு. மலிவான எஃகு, விலையுயர்ந்த எஃகு எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட அதே 200தான், வலிமைதான் மாறும். வலிமை கூடினால் குழாயின் சுவரை மெல்லிதாக்கலாம், எடை குறையும். அதிலும் சூடு படுகிற, அதிகம் இழுபடுகிற முனைகளில் தடிமனும் நடுவில் மெல்லிசும் வைத்துக் குழாய் இழுக்கும் முறைக்கு பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் நிறுவனத்தார் 1897இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். மிலானின் கொலம்பஸ் நிறுவனத்து எஸ்.எல். குழாயில் முனையில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. தான் சுவர். அத்தனை மெல்லிய குழாயை மூட்டில் பிடித்துக்கொள்வதற்கு லக் பொருத்தமாக இருந்தது, அதன் கூரிய முனைகள் குழாயின் மேல் நீண்டு மெலிவதால் பாரமும் ஓரிடத்தில் தேங்காமல் பரவும். ரெனால்ட்ஸின் 753 குழாய் 1976இல் வந்தபோது அதைப் பித்தளைச் சூட்டில் வைத்தால் கெட்டுவிடும், வெள்ளிப் பற்றுதான் என்று கட்டுப்பாடு. மாதிரி மூட்டு செய்து அனுப்பித் தேறியவர்களுக்கு மட்டுமே அந்தக் குழாயை விற்றார்கள்.

எஃகுக்குச் சாதகமான உண்மையான விஷயம் களைப்பு வரம்பு. ஓர் அளவுக்குக் கீழான பாரத்தை அது எத்தனை லட்சம் முறை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி வரம்பு கிடையாது, அதனால்தான் அதன் குழாயைப் பருமனாக்கி விறைப்பாகச் செய்கிறார்கள். உங்கள் வண்டி நாளைக்கே விரிசல் விட்டுவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை, ஒழுங்காகச் செய்த அலுமினியச் சட்டமும் நெடுநாள் உழைக்கும். பழைய ரேஸ் சைக்கிளை அதன் வேலைப்பாட்டுக்காக ஆசைப்பட்டு வாங்குவீர்கள் என்றால் நானே கூட வந்து பார்க்கிறேன். குலுக்கலுக்காக வேண்டாம்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பிரெஞ்சுக்காரப் பெரியவர் ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய பியூஜோ சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் போனார். லக் ஓரங்கள் பூ வேலை செய்தது போல அவ்வளவு அழகு. ஆனால் பெடல் அச்சைக் கழற்ற முடியவில்லை, கடைக்காரர் ‘இது ஏதோ ராங் வண்டி’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். என்ன செய்வது?
– குடும்பத் தலைவி, முத்தியால்பேட்டை

பதில்: அம்மா, முதலில் அந்தக் கடைக்காரரிடம் இன்னும் பலமாக முறுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் வேலை தெரியாதவர் இல்லை, மரை வேறு. நம் ஊர் வண்டிகள் ஆங்கிலேய வழி. அதில் பெடல் அச்சைத் தாங்கும் செயின் பக்கத்துக் கப்புக்கு இடது மரை, கடிகார முள் திசையில் சுற்றினால்தான் கழலும். பிரெஞ்சு வண்டியில் இரண்டு பக்கமும் வலது மரை. அவர் கைப்பழக்கத்தில் கழற்றுவதாக நினைத்துச் சுற்றினால் அது இறுகிக்கொண்டே போகும், மேலும் பலம் கொடுத்தால் மரை போய்விடும், மரை போனால் அந்தக் கூட்டைத் திரும்பச் சரிசெய்வது பெரிய பாடு.

கப்பின் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். 35 × 1 என்று பொறித்திருந்தால் பிரெஞ்சு அளவு, 1.37 × 24 என்றிருந்தால் ஆங்கிலேய அளவு. ஒரு சிக்கல் உண்டு, 1970களின் கடைசியில் பியூஜோ சில வண்டிகளில் சுவிஸ் மரை வைத்தது. எண் அதே 35 × 1, ஆனால் செயின் பக்கம் இடது மரை. அதனால் இரவு முழுக்கத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, சரியான ஸ்பேனரோடு முதலில் கடிகார எதிர்த்திசையில் நிதானமாக முயற்சி செய்யட்டும், அசையவில்லை என்றால் மறுதிசையில். சுத்தியல் மட்டும் வேண்டாம்.

பெடலையும் பாருங்கள். வலதுக்கு டி, இடதுக்கு ஜி என்று பிரெஞ்சு எழுத்து பொறித்திருந்தால் பெரும்பாலும் 14 மி.மீ. மரையாக இருக்கும், கடையில் கிடைக்கும் சாதா பெடல் அதில் ஏறாது, பழையதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஹேண்டில்பார் தண்டும் 22 மி.மீ., மற்ற வண்டிகளுடையது 22.2. அந்த 0.2 போதும், செருகினால் சிக்கிக்கொள்ளும்.

ஒரு நல்ல செய்தி. சக்கரம் 650பி என்ற பிரெஞ்சு அளவாக இருந்தால் டயருக்காக பாரிஸுக்குக் கடிதம் போட வேண்டாம், நம் ஊர் 26 × 1½ டயர் அதே அளவுதான். டயரின் பக்கவாட்டில் 584 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

லக் அழகாக இருக்கிறது என்றீர்களே, அந்தக் காலத்து நல்ல பிரெஞ்சு வண்டிகளில் நெர்வெக்ஸ் என்ற நிறுவனத்தின் லக்குகள் பிரபலம், பியூஜோவின் பி.எக்ஸ்.10 ரேஸ் வண்டி ரெனால்ட்ஸின் 531 எஃகுக் குழாயோடும் அந்த லக்கோடும் வந்தது. சீட்டுக்கு அடியில் குழாயின் மேல் ரெனால்ட்ஸ் 531 ஸ்டிக்கர் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எனக்கு ஒரு புகைப்படம் அனுப்புங்கள். ஸ்டிக்கரைச் சுரண்டிவிடாதீர்கள்.

கேள்வி: 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் என் சைக்கிள் இரண்டு நாள் முழுகிக் கிடந்தது. வெளியே துடைத்து எண்ணெய் போட்டு ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது பார் மேல் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது.
– வாசகர், கடலூர்

பதில்: எஃகுச் சட்டத்துக்கு ஒரே நிஜமான எதிரி இதுதான், அதுவும் கடற்காற்று அடிக்கிற நம் ஊரில். புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டி, சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூருக்குள் புகுந்த அந்த வெள்ளம் பல வண்டிகளின் குழாய்க்குள் இன்னும் சேறாக உட்கார்ந்திருக்கிறது. வெளியே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே போனது உள்ளேயே இருக்கும்.

கொப்புளத்தை ஓர் ஆணியின் முனையால் குத்திப் பாருங்கள். பெயின்ட் மட்டும் உரிந்து அடியில் கெட்டியான இரும்பு இருந்தால் பயமில்லை. ஆணி உள்ளே இறங்கினால் அந்தக் குழாய் போயிற்று, அதன் மேல் உட்காராதீர்கள். ஒரு நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள், ஓரிடத்தில் கணீர் என்ற சத்தம் மாறி மொத்தென்று கேட்டால் அங்கே சேறோ துருவோ இருக்கிறது.

சட்டம் நன்றாக இருந்தால் சீட்டுத் தண்டையும் பெடல் அச்சையும் கழற்றி, தண்ணீர் விட்டு அலசி, தலைகீழாகச் சாய்த்து இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயப் போடுங்கள். அப்புறம் பெயின்ட் கடையில் மரவேலைக்கு விற்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், லின்சீட் ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள், அதைக் குழாய்க்குள் ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டிப் புரட்டி மிச்சத்தை வடித்துவிடுங்கள். காய்ந்ததும் உள்ளே ஒரு படலம் நிற்கும். தேங்காய் எண்ணெய் காயாது, அதை ரிம்முக்கும் ஹேண்டில்பாருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீரில் போடுங்கள். சீட்டுத் தண்டைத் திரும்ப மாட்டும்போது கிரீஸ் தடவ மறக்காதீர்கள்.

கேள்வி: அண்ணே, நான் பால் ஊற்றுகிறவன். தலைக்குழாய்க்குப் பக்கத்தில் கீழ் பாரில் முடி மாதிரி விரிசல். கிரில் பட்டறையில் ஐந்து நிமிட வேலை என்கிறார்கள். செய்யலாமா?
– நெல்லிக்குப்பம்

பதில்: செய்யாதீர்கள் தம்பி, கேனோடு போகிறபோது அந்த இடம் விட்டால் முகம்தான் தரையில் படும். கிரில் பட்டறையில் இருப்பது ஆர்க் வெல்டிங். அது மெல்லிய குழாயைத் தின்றுவிடும், தவிரவும் பழைய மூட்டில் இருக்கும் பித்தளை உருகி எஃகுக்குள் புகுந்தால் அந்த வெல்டிங்கே வெடிக்கும். பார்ப்பதற்குத் தடித்த தையலாக இருக்கும், சில மாதத்தில் பக்கத்திலேயே புதிதாகப் பிளக்கும்.

கேஸ் வைத்துப் பித்தளைக் கம்பியால் பற்றவைக்கிற பழைய ஆள் யாராவது இருக்கிறாரா என்று தேடுங்கள். ஏ.சி., ஃபிரிட்ஜ் வேலை செய்பவர்களிடம் கேஸ் டார்ச் இருக்கும், கையும் நிதானமாக இருக்கும்; ஆனால் செம்புக் குழாய்க்கு அவர்கள் பயன்படுத்தும் பாஸ்பரஸ் கலந்த கம்பி இரும்புக்கு ஆகாது, மூட்டு நொறுங்கும். பித்தளைக் கம்பியும் வெண்காரமும் கொண்டு செய்யச் சொல்லுங்கள். லக் உள்ள சட்டம் என்பதால் விரிசல் விட்ட குழாயையே உருவி வேறொரு பழைய சட்டத்திலிருந்து அதே அளவுக் குழாய் போடலாம், வேலை தெரிந்தவருக்கு அதுதான் சரியான வழி. அதே மாதிரி கருப்பு வண்டியின் வெறும் சட்டம் பழைய இரும்புக்கடையில் மலிவாகக் கிடைத்தால் சட்டத்தையே மாற்றிவிடுங்கள், மற்ற சாமான்கள் எல்லாம் இதிலிருந்தே ஏறும். எதைச் செய்தாலும், லக் ஓரத்துக்கு அடியில் விரலால் தடவி வீக்கம் எதுவும் இல்லையா என்று பாருங்கள். விரிசல் ஃபோர்க்கில் என்றால் பற்றவைக்கும் பேச்சே வேண்டாம், புது ஃபோர்க்தான்.

கேள்வி: இவ்வளவு நல்லது என்றால் கம்பெனிகள் ஏன் விட்டுவிட்டன? இப்போது புதிதாகக் கிடைக்குமா?
– ஆசிரியர், வில்லியனூர்

பதில்: கூலியும் நேரமும்தான் காரணம். ஒவ்வொரு லக்கும் ஒரு குறிப்பிட்ட குழாய்ப் பருமனுக்கும் கோணத்துக்கும் செய்யப்பட்டது. 1980களில் மலைச் சைக்கிள் அலை வந்தபோது பருமனான குழாய், புதுப்புதுக் கோணம் எல்லாம் தேவைப்பட்டது, அதற்கேற்ற லக் இல்லை. குழாயின் எஃகையே மின்சாரத்தால் உருக்கி ஒட்டும் டிக் வெல்டிங்கில் எந்தக் கோணத்திலும் வெட்டி நேராக ஒட்டிவிடலாம், வேகமும் அதிகம். அப்புறம் அலுமினியம், கார்பன். அவர்கள் முடிவில் தப்பில்லை, விற்பனை விலை குறைந்தது, நிறைய பேருக்கு நல்ல வண்டி கிடைத்தது. பழுது பார்க்கும் வசதிதான் பலியானது.

முழுக்கப் போய்விடவும் இல்லை. ஹீரோ, ஏவான் நிறுவனங்களின் கருப்பு ரோட்ஸ்டர் இன்றும் கடைக்கு வருகிறது. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ரிவெண்டெல் சைக்கிள் நிறுவனம் லக் சட்டத்தையே தன் அடையாளமாக வைத்திருக்கிறது. ஜப்பானில் 1948இல் தொடங்கிய கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயத்தில் மக்கள் சூதாட்டப் பணம் கட்டுகிறார்கள் என்பதால் எவருக்கும் கருவியால் கூடுதல் சலுகை கூடாது என்று எஃகுச் சட்டத்தையே விதியாக வைத்தார்கள், அதற்கென்று அங்கீகாரம் பெற்ற சிறு பட்டறைகள் இன்னும் கையால் பற்றவைத்துக் கொடுக்கின்றன. இவையெல்லாம் விலை அதிகம். நம் ஊருக்கு, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையையும் பழைய சைக்கிள் கடைகளையும் சுற்றி வருவதே மேல்.

கேள்வி: பழைய சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் அடிக்கலாமா? லக் ஓரத்தில் தங்கக் கோடு போட ஆசை.
– அரியாங்குப்பம்

பதில்: பவுடர் கோட்டிங் உறுதியானது, ஆனால் தடிப்பாகப் படிந்து லக்கின் கூரிய ஓரங்களை மூழ்கடித்துவிடும். மெல்லிய எனாமல் இரண்டு மூன்று கை அடிப்பதே நல்லது. தங்கக் கோட்டுக்குப் போர்டு எழுதும் ஓவியர்கள் வைத்திருக்கும் நீள முடித் தூரிகை வேண்டும், ஓரத்தின் விளிம்பையே தடமாகப் பிடித்துக்கொண்டு இழுத்தால் கை நடுங்கினாலும் கோடு நேராக வரும். பழைய பெயின்ட்டை எடுக்கும் முன் சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிப்பவரிடம் கொடுக்கும்போது பெடல் கூட்டின் மரையிலும் தலைக்குழாயின் இரண்டு வாயிலும் டேப் ஒட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் கப் ஏறாது.